பருப்பு ஜாடிக்கு, பழம் மண்ணுக்கு

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்கு வரும் சாலையில் கந்தர்வகோட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் ஒரு புகை வாசனை அடிக்கும். விறகுப் புகையோடு எண்ணெய் கருகும் காரநெடியும் அதில் கலந்திருக்கும். ஆதனக்கோட்டை வந்துவிட்டது. சாலையோரக் கொட்டகைகளில் பெண்கள் முந்திரிக்கொட்டை வறுத்துக்கொண்டிருப்பார்கள்; பக்கத்திலேயே உட்கார்ந்து உடைப்பார்கள்; அதற்கும் பக்கத்தில் பொட்டலம் போட்டு விற்பார்கள். காரை ஓரங்கட்டி வாங்காமல் போகிறவர்கள் குறைவு.

இந்தப் பருப்பு எங்கெல்லாமோ போகிறது. தை பிறந்தால் சர்க்கரைப் பொங்கலுக்கு, கல்யாணம் வந்தால் கேசரிக்கும் பாயசத்துக்கும், பெருநாள் வந்தால் பிரியாணிக்கு. அதன் இன்னொரு பயணத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அக்டோபர் கடைசியில் ஒரு கண்ணாடி ஜாடிக்குள் உலர்திராட்சையோடும் ஆரஞ்சுத் தோலோடும் ரம்மில் மூழ்கி, இரண்டு மாதம் இருட்டு அலமாரியில் கிடந்து, கிறிஸ்துமஸ் கேக்காக வெளியே வருகிற பயணம். அதைப் பின்தொடர்ந்து போனால் ஓர் உண்மை எதிரே வந்து நிற்கிறது. பருப்பைத் தருகிற அதே மரம் ஒரு பழத்தையும் தருகிறது. உலகின் சில ஊர்களில் அந்தப் பழம்தான் மதுவாகிறது. நம் மாவட்டத்தில் பருப்பும் பழமும் மரத்தடியிலேயே பிரிந்துவிடுகின்றன. பருப்பு வெளியூர் மதுவில் ஊறப் போகிறது. பழம் மண்ணில் அழுகுகிறது.

முந்திரியின் பிறந்த மண் பிரேசிலின் வடகிழக்குக் கடற்கரை. அங்கிருந்த தூப்பி மக்களுக்குப் பழம்தான் பெரிது. பிழிந்து, சாற்றைப் புளிக்கவைத்து, திருவிழாக்களில் குடித்தார்கள். கொட்டையைச் சுட்டுத் தின்றதும் உண்டு, ஆனால் கொண்டாட்டம் பழத்தின் பெயரில்தான் நடந்தது. ஆந்த்ரே தெவே என்ற பிரெஞ்சுத் துறவி 1550-களில் பிரேசில் போய்வந்து எழுதிய நூலில், மரத்தில் ஏறிப் பழம் பறிப்பதையும் கீழே பிழிவதையும் படமாகவே போட்டிருக்கிறார். ஐரோப்பா முந்திரியை முதலில் பார்த்தது அந்தப் படத்தில்தான்.

அந்த நூற்றாண்டிலேயே போர்ச்சுகீசியர் அதைக் கப்பலேற்றினார்கள். கோவாவில் இறங்கியது, மொசாம்பிக்கில் இறங்கியது. காற்றும் மழையும் அரிக்கும் சரிவுகளில் மண்ணைப் பிடித்து நிற்கும் மரம் என்பதால் கொங்கணக் கரையில் நன்றாக ஊன்றிக்கொண்டது. அங்கிருந்து மலையாளக் கரை, பிறகு சோழமண்டலக் கரை, பிறகு உள்நாட்டுச் செம்மண் என்று மெல்ல மெல்ல நகர்ந்தது.

புதுக்கோட்டை அதற்கு ஏற்ற மண். காவிரித் தண்ணீர் கல்லணைக் கால்வாய் வழியாக மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறது. மிச்ச இடமெல்லாம் குளம், கண்மாய், ஆழ்குழாய்க் கிணறு, வானம். செம்மண்ணுக்கு அடியில் செம்பாறை. நெல்லுக்கு முகம் சுளிக்கும் இந்த நிலம் முந்திரிக்குப் போதுமானது. கந்தர்வகோட்டை, ஆதனக்கோட்டை, கறம்பக்குடி, ஆலங்குடிப் பக்கமெல்லாம் முந்திரிக்கொல்லைகள் உண்டு. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ-3 ரகம் வந்தபிறகு ஒட்டுக்கன்று வைத்தவர்களுக்கு மூன்றாம் நான்காம் ஆண்டிலேயே காய் கிடைத்தது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை கஜா புயல் கரையேறியபோது தென்னையைப் பற்றி நாடே பேசியது. கந்தர்வகோட்டைப் பக்கம் வேரோடு சாய்ந்து கிடந்த முந்திரி மரங்களைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. தென்னை விழுந்தால் நட்டம் கண்ணுக்குத் தெரியும். முந்திரி விழுந்தால் அடுத்த மாசி மாதம்தான் வீட்டுக்குள் தெரியவரும்.

மார்கழி, தையில் முந்திரி பூக்கிறது. மாசி தொடங்கிச் சித்திரை, வைகாசி வரை பழம். கொட்டை பழத்துக்கு வெளியே, அடி நுனியில் தொங்கும். உண்மையில் அந்தக் கொட்டைதான் தாவரவியல்படி கனி; நாம் பழம் என்று கடிப்பது பருத்துப்போன காம்பு. பழம் மஞ்சளாகவோ சிவப்பாகவோ பழுத்துத் தானாக விழும்போது கொட்டை முற்றியிருக்கும். காலையில் கொல்லைக்குப் போகிறவர்கள் விழுந்ததைப் பொறுக்கி, கொட்டையைத் திருகி எடுத்துக் கூடையில் போட்டு, பழத்தை அங்கேயே போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போகிறார்கள்.

இங்கே ஒரு கணக்கு. நான்கு கிலோ கொட்டை உடைத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ பருப்பு. ஒரு கிலோ கொட்டைக்கு ஆறிலிருந்து எட்டுக் கிலோ பழம். ஆக ஒரு கிலோ பருப்பு வீட்டுக்கு வருகிறதென்றால், எங்கோ ஒரு கொல்லையில் முப்பது கிலோ அளவுக்குப் பழம் விழுந்திருக்கிறது. கேக்கில் போடும் ஒரு கைப்பிடிக்கு, நூறு கிராமுக்கு, மூன்று கிலோ. ஆரஞ்சுப் பழத்தைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உள்ள மூன்று கிலோ.

ஆதனக்கோட்டையில் பருப்பு உடைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன்.

"பழத்தை என்னக்கா செய்வீங்க?"

"புள்ளைக உப்பு மொளகாத்தூள் தொட்டுத் திங்கும். ஆடு மாட்டுக்கு அள்ளிப் போடுவோம். மிச்சமெல்லாம் மரத்தடியிலேயே கெடக்கும் தம்பி. ஒரு நா தாங்காதுல்ல."

அதுதான் பழத்தின் துரதிர்ஷ்டம். தோல் மெல்லியது, சாறு அதிகம், விழுந்த அன்றே புளிக்க ஆரம்பித்துவிடும். சித்திரை வெயிலில் கொல்லைக்குள் நடந்தால் அந்தப் புளித்த மணம் காலடியிலிருந்து எழும்பும். மதுவாக வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழம் தானே அந்தத் திசையில் கிளம்பிவிடுகிறது.

கொட்டையின் கதை வேறு. இரண்டு மூன்று நாள் வெயிலில் காய்ந்து கல்லாகிவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும், கப்பலேறிப் போகும். இன்று ஐவரி கோஸ்ட், தான்சானியா என்று ஆப்பிரிக்காவிலிருந்து கொல்லத்துக்கும் பண்ருட்டிக்கும் கொட்டை இறக்குமதியாகிறது. போர்ச்சுகீசியர் இரண்டு கண்டத்திலும் விதைத்துவிட்டுப் போனது, நூற்றாண்டுகள் கழித்து ஒரே கிடங்கில் வந்து சேர்கிறது.

வறுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு முந்திரி விலை அதிகம் என்று சொல்ல மனம் வராது. அகலமான இரும்புச் சட்டியில் கொட்டையைக் கொட்டி, கீழே நெருப்பு. நீளமான கம்பால் இடைவிடாமல் கிளற வேண்டும். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் கசிந்து சட்டியே தீப்பிடித்து எரியும். கரும்புகை. ஒரு கணம் தாமதித்தால் உள்ளே பருப்பு கரி. சரியான நேரத்தில் தரையில் கவிழ்த்து, தண்ணீர் தெளித்து, மண்ணோ சாம்பலோ போட்டுப் புரட்டி, ஆறியதும் கட்டையால் ஒரே தட்டு. அடி பலமாக விழுந்தால் பருப்பு இரண்டாகும், விலை பாதியாகும். ஓட்டின் எண்ணெய் பட்ட இடம் தோல் பொத்துப்போகும். சாம்பலைத் தடவிக்கொண்டுதான் உட்காருகிறார்கள். விரல் நுனிகள் கறுத்திருக்கும். அந்தக் கறுப்பு சோப்புக்குப் போவதில்லை.

பெரிய ஆலைகளில் நீராவியில் அவித்து உடைப்பதால் பருப்பு வெள்ளை வெளேர் என்று வரும். அதற்குத்தான் எண் போட்ட தரம்: டபிள்யூ-320 என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, சுமார் 320 முழுப்பருப்பு. ஆதனக்கோட்டைப் பருப்புக்கு அந்த எண் எதுவும் கிடையாது. ஆங்காங்கே பழுப்பேறி, லேசாகப் புகை ஏறி, நெருப்பின் ருசியோடு இருக்கும். என் நாக்குக்கு அதுதான் முந்திரி.

இனி மது. அது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. கருப்பருக்கும் முனிக்கும் போடும் படையலில் சாராயமோ கள்ளோ வைப்பது ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் அங்கே மது படையல் இலையின் ஓரத்தில் தனியாக நிற்கும், கறிச்சட்டிக்குள் இறங்காது. சாமிக்குக் கொடுப்பது வேறு, சமைப்பது வேறு. தமிழ்ச் சமையலில் மது பொருளாகச் சேர்ந்த இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் முதலிடம் ஆப்பத்துக்கு. அரைத்த மாவில் கொஞ்சம் கள்ளை ஊற்றி இரவு வைத்தால் கள்ளிலுள்ள ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் மாவைப் பொங்கவைத்து, லேசான இனிப்பும் புளிப்பும் கொடுக்கும். கேரளத்திலும் இலங்கையிலும் இன்றும் அப்படிச் சுடுகிறார்கள். கோவாவில் கிறிஸ்துமஸுக்கும் திருவிழாவுக்கும் செய்யும் சன்னாஸ் இட்லியும் கள்ளால் பொங்குவதுதான்.

தமிழ்நாட்டில் அந்த வழி அடைபட்டுவிட்டது. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச்சில் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. அதே ஆண்டு அக்டோபர் 2-இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-இல் விலக்கு தளர்ந்தது, 1974-இல் திரும்பியது, 1981-இல் மறுபடி தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. அது இன்றுவரை நீங்கவில்லை. 2003-இல் சில்லறைக் கடைகளும் டாஸ்மாக் கைக்குப் போயின. விளைவு என்னவென்றால், பனையும் தென்னையும் நிற்கிற ஊரில் ஆப்பத்துக்கு ஒரு கரண்டி கள் கிடையாது. கேக்குக்கு ரம் வேண்டுமானால் கடைத்தெரு முனையில் கிடைக்கும். கள் சரியா தவறா என்ற பெரிய வழக்குக்குள் நான் போகவில்லை. மதுவால் குடும்பங்கள் படும் பாடு தெரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதும் தெரியும். அந்த அச்சத்தை மதிக்கிறேன். ஆனால் சமையலறையின் பக்கத்திலிருந்து பார்த்தால், உள்ளூரில் சுரந்தது வெளியேறி, ஆலையில் காய்ச்சியது உள்ளே வந்திருக்கிறது.

கேக் இங்கே எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கிறிஸ்தவம் இந்த மாவட்டத்தில் பழையது. விராலிமலைப் பக்கம் ஆவூரில் 1697-இல் இயேசுசபைப் பாதிரியார் வெனான்சியுஸ் புஷே கட்டிய கோயிலிலிருந்து அதன் வரலாறு தொடங்குகிறது. ஆனால் அந்த ஊர்களின் கிறிஸ்துமஸில் கேக் கிடையாது. அதிரசம், முறுக்கு, விடிந்ததும் ஆட்டுக்கறி. தீபாவளிப் பலகாரமும் கிறிஸ்துமஸ் பலகாரமும் ஒரே சட்டியில் வெந்தவை. ரம்மில் ஊறிய கேக் வேறு வழியில் வந்தது. நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பணிமனை 1920-களின் கடைசியில் திருச்சி பொன்மலைக்கு மாறியது. அதோடு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் வந்தன. அவர்கள் வீடுகளில் குல்குல், அச்சுமுறுக்கு, பிளம் கேக். பிறகு பேக்கரிகள். பேக்கரி வைத்திருப்பவர் எந்த மதமானாலும் டிசம்பரில் கண்ணாடிப் பெட்டிக்குள் பிளம் கேக் வந்துவிடும். ஓவன் இல்லாத வீடுகளில் மாவைக் கலந்து பாத்திரத்தோடு பேக்கரிக்குக் கொடுத்து, ரொட்டி வெந்து முடிந்த அடுப்பில் வைத்து வாங்கி வருவார்கள்.

பேக்கரி என்றதும் தலைச்சேரிக்கு ஒருமுறை போய்வர வேண்டியிருக்கிறது. பர்மாவில் ரொட்டித் தொழில் பார்த்துத் திரும்பிய மாம்பள்ளி பாப்பு 1880-இல் அங்கே ராயல் பிஸ்கட் ஃபேக்டரி தொடங்கினார். 1883-இல் அஞ்சரக்கண்டி இலவங்கப்பட்டைத் தோட்டத்துத் துரை பிரவுன் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கேக்கை எடுத்துவந்து, இதுபோலச் செய்ய முடியுமா என்று கேட்டார். மாஹேயிலிருந்து பிரெஞ்சு பிராந்தி வாங்கிச் சேர்க்கச் சொன்னார். பாப்பு அதைக் கேட்கவில்லை. முந்திரிப் பழத்திலும் கதலி வாழைப்பழத்திலும் உள்ளூரில் காய்ச்சிய மதுவைச் சேர்த்தார், தர்மடத்துக் கொல்லரிடம் அச்சு செய்து வாங்கினார், கேக்கைச் சுட்டுக் கொண்டுபோய் நீட்டினார். துரை ருசி பார்த்துவிட்டு மேலும் ஒரு டஜன் கேட்டார். குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு இது. கேரளம் இதை இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று கொண்டாடுகிறது.

எனக்கு இதில் பிடித்த இடம் 'முதல்' என்ற பெருமை இல்லை. பிராந்தி வாங்கிக்கொள்ளச் சொல்லியும் தன் மண்ணில் விழுகிற பழத்தின் பக்கம் திரும்பிய அந்தக் கை. மரத்தடியில் தங்கிவிடும் முந்திரிப் பழம் ஒரு கேக்குக்குள் வந்து சேர்ந்த இடம் அது.

கோவாக்காரர்கள் பழத்தை விடவே இல்லை. கற்குழியில் கொட்டி மிதித்துச் சாறெடுத்து, சில நாள் புளிக்கவிட்டு, ஒருமுறை காய்ச்சினால் உர்ராக், மறுமுறை காய்ச்சினால் ஃபெனி. 2009-இல் கோவா முந்திரி ஃபெனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பிறகு அரசே அதை மாநிலத்தின் பாரம்பரிய மது என்று அறிவித்தது. கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்தின் பையாவூர் கூட்டுறவு வங்கி, விவசாயிகளின் பழத்தை வாங்கி ஃபெனி காய்ச்ச அனுமதி கேட்டுப் பல ஆண்டுகள் போராடிப் பெற்றது. மரத்தடிப் பழத்துக்கும் ஒரு விலை உண்டு என்று சட்டத்தை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். ரம்மை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை ஆலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து காய்ச்சுவதுதான் அது. கரும்பின் மிச்சத்துக்கு மரியாதை வந்தது. முந்திரியின் மிச்சத்துக்கு, நம் பக்கத்தில், வரவில்லை.

சரி, ஜாடிக்கு வருவோம். ஒரு கிலோ பழக்கலவை: கறுப்பு, மஞ்சள் உலர்திராட்சை, பேரீச்சை, டூட்டி ஃபுரூட்டி, செர்ரி, சர்க்கரைப் பாகில் வெந்த ஆரஞ்சுத் தோல், இஞ்சி முரப்பா. எல்லாவற்றையும் திராட்சை அளவுக்கு நறுக்கி, 250 மில்லி ரம் ஊற்றி, ஈரமில்லாத கண்ணாடி ஜாடியில் மூடி வைப்பது. வாரத்துக்கு ஒருமுறை ஜாடியைக் கவிழ்த்துக் குலுக்க வேண்டும். சென்னையின் நட்சத்திர ஓட்டல்களில் இதை அழைப்பிதழ் அடித்து விழாவாகவே செய்கிறார்கள். நீளமேசையில் பழத்தைக் குவித்து, கையுறை போட்டவர்கள் புட்டி புட்டியாக ஊற்றிப் பிசைவார்கள். வீட்டில் அதுவே ஒரு சாயங்கால வேலை. ஒருவர் நறுக்க, ஒருவர் பிள்ளைகளின் கை பழத்துக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ரம் அங்கே என்ன செய்கிறது? கிராம்பு, பட்டை, ஆரஞ்சுத் தோல் இவற்றின் மணமெல்லாம் எண்ணெயில் இருக்கிறது. தண்ணீர் அதை எளிதில் இழுக்காது. சாராயச் சத்து இழுக்கும். இழுத்ததைத் திராட்சைக்குள் கொண்டுபோய் வைக்கும். வறண்ட திராட்சை உப்பும், பேரீச்சை குழையும். கிருமியும் பூஞ்சையும் அண்டாது. அதனால்தான் இரண்டு மாதம் வெளியில் வைத்தாலும் கெடுவதில்லை.

முந்திரியை ஜாடியில் போடலாமா என்பதில் இரண்டு கட்சி உண்டு. பருப்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கொழுப்புதான். அது திராட்சைபோல ரம்மைக் குடிக்காது, மெத்தென்று ஆகும், கடித்தால் நொறுங்காது. அதனால் கடைசியில் மாவில்தான் சேர்க்க வேண்டும் என்பது ஒரு கட்சி. ஊறிய முந்திரி பல்லுக்கு வெண்ணெய்போல இருக்கும், அதற்காகவே போட வேண்டும் என்பது மறுகட்சி. நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். உடைசல் பருப்பை ஜாடியில் போடலாம். விலையும் குறைவு, எப்படியும் நறுக்கத்தானே போகிறோம். ஆதனக்கோட்டையின் வறுத்த முழுப்பருப்பை மாவு கலக்கும் அன்று, சிறிது மைதாவில் புரட்டிச் சேர்க்க வேண்டும். புரட்டினால் அடியில் போய்த் தங்காது. அதன் புகை ருசியும், சர்க்கரையைக் கருக்கிக் காய்ச்சிய பாகின் லேசான கசப்பும் ஒன்றையொன்று தேடிக்கொள்ளும்.

இப்போது எல்லா வீட்டிலும் எழும் கேள்வி. வெந்தால் சாராயம் போய்விடுமா? போய்விடும் என்று சொல்லித்தான் எல்லோரும் எல்லோருக்கும் கேக் கொடுக்கிறார்கள். சாராயச் சத்து 78 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100-இல் கொதிக்கும் என்பது உண்மை. ஆனால் இரண்டும் கலந்துவிட்டபின் ஒன்று முழுதும் ஓடிவிட்டு மற்றது தங்குவதில்லை. மாவுக்குள் சிக்கியது அங்கேயே இருக்கும். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, மாவில் கலந்து அரைமணி நேரம் வேகவைத்தால் 35 விழுக்காடு மிஞ்சுகிறது. ஒருமணி நேரத்தில் 25. இரண்டரை மணி நேரம் வெந்தாலும் 5.

நம் கேக்குக்குக் கணக்குப் போடலாம். இந்திய ரம்மின் வீரியம் 42.8 விழுக்காடு. 250 மில்லியில் 107 மில்லி சாராயச் சத்து. ஒருமணி நேரம் வெந்தபின் மிஞ்சுவது 27 மில்லி அளவுக்கு. இரண்டரைக் கிலோ கேக்கை ஐம்பது துண்டாக்கினால் துண்டுக்கு அரை மில்லி. யாருக்கும் போதையேற்றும் அளவில்லை. ஆனால் அது பூச்சியம் இல்லை. வெந்து ஆறிய கேக்கின்மேல் மறுபடி ரம் தெளித்துத் துணியில் சுற்றி வைப்பவர்கள் வீட்டில் கணக்கே வேறு. அந்த ரம் அடுப்பைப் பார்த்ததே இல்லை.

புதுக்கோட்டையில் கிறிஸ்துமஸ் கேக் கிறிஸ்தவ வீட்டோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்குப் போகும், பள்ளிக்கூடத்துக்குப் போகும், மாலை போட்டு விரதம் இருக்கும் ஐயப்ப பக்தர் வீட்டுக்கும் போகும். டிசம்பர் மாதம் அல்லவா. மது தொடக்கூடாது என்று மனதார வாழ்பவர் ஒருவருக்கு, வெந்ததும் போயிருக்கும் என்று சொல்லி நீட்டுவது நட்புக்கு நியாயமில்லை. குடியை விட்டு மீண்டு வந்தவர் இருக்கும் வீட்டுக்கு அந்த வாசனையே வேண்டாம். தட்டை நீட்டும்போதே இதில் ரம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அதோடு ரம் இல்லாத ஒரு கேக்கும் அதே அக்கறையோடு செய்திருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இரண்டாவது கேக் ஆரஞ்சுச் சாற்றில் அவசரமாக ஊறியது. அதை ஏழைப் பங்காளியாக நடத்துவதை நிறுத்த வழி இருக்கிறது. அது நம் கொல்லையிலேயே கிடக்கிறது.

சித்திரையில் பழுத்த பழத்தை விழுந்து நசுங்குமுன் மரத்திலிருந்தே பறிக்க வேண்டும். கழுவி, கொட்டையைத் திருகி வெயிலில் போட்டுவிட்டு, அந்த மணிநேரத்திலேயே பழத்தைப் பிழிந்துவிட வேண்டும். தாமதித்தால் புளிப்பு தொடங்கிவிடும். தொண்டையைக் கரகரக்க வைக்கும் துவர்ப்பை நீக்க ஜவ்வரிசி போதும்: ஒரு லிட்டர் சாற்றுக்கு ஐந்து கிராம் ஜவ்வரிசியைக் கொஞ்சம் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறியபின் சாற்றில் கலக்கி, அசைக்காமல் வைத்தால் துவர்ப்பு கஞ்சியோடு சேர்ந்து அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் வடித்து, எடைக்கு எடை சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் பாகாகக் காய்ச்சி, கொதிநீரில் கழுவிக் காயவைத்த புட்டியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது அந்தப் பாகைச் சிறிது தண்ணீர் விட்டுச் சூடாக்கி, கிராம்பும் பட்டையும் ஆரஞ்சுத் தோலும் போட்டுக் கொதிக்கவிட்டு, உலர்பழங்களின்மேல் ஊற்றி மூட வேண்டும். சூடு இருப்பதால் திராட்சை சீக்கிரம் உப்பும். ஆறியதும் ஜாடி குளிர்பெட்டிக்குப் போக வேண்டும், ஏனென்றால் காவலுக்கு இங்கே ரம் இல்லை; வெளியில் விட்டால் புளித்துவிடும். சுடுகிற அன்று மாவில் ஆதனக்கோட்டைப் பருப்பு. இந்தக் கேக் ரம் கேக்போல மாதக்கணக்கில் தாங்காது. ஒரு வாரத்துக்குள் கொடுத்துத் தின்று முடித்துவிட வேண்டும்.